மரகதம் நம்பாத வானம்

மைசூர் ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலை அலுவலகத்துக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு மதிய உணவுக்குப் பிறகு வந்தது. ஹனூரிலிருந்து மரகதத்தின் தம்பி பேசினார். "அக்கா போயிருச்சுங்க சார்," என்றார். என் வாயில் முதலில் வந்த கேள்வி, எந்த விமானம், கூட யார் இருந்தார்கள் என்பதுதான். என் கேள்வி அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "விமானமில்லீங்க சார். ஒடம்புக்குத்தான் முடியாம இருந்துச்சு," என்றார்.

நான் நம்பவில்லை. முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலமே ஆன ஒரு பெண், அதுவும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் பறக்க முடியும் என்ற தொழிலில் இருந்தவர், உடம்புக்கு முடியாமல் போய்விட்டார் என்றால் எப்படி நம்புவது? ஏதோ விபத்து நடந்திருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் கடைசியாக வேலை செய்த இடத்துக்குப் போன் போட்டேன். நம் விமானப் பயிற்சிக் களத்தின் பழைய மேலாளர் நாகராஜுக்கும் போட்டேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். இரத்தத்தில் நோய். தெரிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நம்மில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

மரகதத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹனூர்ப் பக்கம் மஞ்சளும் சோளமும் போடும் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிக்கு மைசூருக்கு வந்து, அரசாங்க உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்து, பிறகு நமக்கே பயிற்சி கொடுக்க வந்தவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய உறவினர்களில் பலர் விமானக் களத்தின் பக்கமே வந்ததில்லை. அவர்களுக்குப் புரிவதற்காகச் சில விஷயங்களைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நஞ்சன்கூடு சாலையில் இருக்கும் நம் களத்தில் ஓர் ஓடுதளமும் ஒரு கொட்டகையும் காற்றுத் திசை காட்டும் ஒரு துணிப்பையும் உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. யார் இறங்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு விமானியும் தான் எங்கே இருக்கிறான், என்ன செய்யப் போகிறான் என்பதை ரேடியோவில் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதைக் கேட்டு விலகிக்கொள்வார்கள். ஓடுதளத்தைச் சுற்றி நீள்சதுரமாகப் பறந்து வந்து இறங்கும் பாதைக்குச் சர்க்யூட் என்று பெயர். புதிதாகக் கற்பவர்கள் வாரக்கணக்கில் அதிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மரகதம் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். முதல் நாள் என்னை ஏற்றிக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கையில் ஒரு துணியைக் கொடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். வயதில் மூத்தவனை அடக்கிவைக்கச் செய்கிற வேலை இது என்று எனக்குத் தோன்றியது. துடைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து, கண்ணாடியின் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு புள்ளியைக் காட்டினார்.

"இது அழுக்குங்களா, விமானமுங்களா?"

"அழுக்குதான்."

"எப்படித் தெரியும்?"

"நகரவே இல்லையே."

"நகராம நிக்கறதுதானுங்க சார் நம்ம மேல வர்றது. கண்ணாடியில நகர்ந்து போறது அதும்பாட்டுக்குப் போயிரும்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மோதும் பாதையில் வருகிற இரண்டு விமானங்களில் ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது அசையாத ஒரு புள்ளியாகவே தெரியும். கடைசி நொடிகளில்தான் அந்தப் புள்ளி பெரிதாகும். அதற்குள் நேரம் போயிருக்கும். பொறியியல் படித்த எனக்கு இது தெரியாமல் இருந்ததைவிட, இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் தினமும் மேலே போகிறாரே என்பதுதான் உறுத்தியது.

அவருடன் பறப்பது சிரமம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் இறக்கையைத் தூக்கி, அது மறைத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி, நகர்த்தி, மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டமாகப் பார்த்தால் திட்டு விழும். ரேடியோவில் ஒருவர் தன் இடத்தைச் சொன்னால், "கேட்டீங்களா?" என்று கேட்க மாட்டார். "ஆளைப் பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்றால் தேடச் சொல்வார். அவன்தான் சொல்லிவிட்டானே என்று நான் ஒருமுறை சொன்னேன். "அவரு அங்கதான் இருக்கோம்னு நெனைச்சுட்டுச் சொல்றாருங்க. நெசமா எங்க இருக்கறாருன்னு நாமதான் பாக்கோணும்," என்றார்.

மாணவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. முன்பு வேறு ஊரில் மரகதம் ஒரு விபத்தில் மாட்டியிருக்கிறார், அதில் யாரோ செத்துப்போனார்கள், அந்தப் பயத்தில்தான் இப்படிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார் என்றார்கள். நானும் அதை நம்பினேன். பயந்துபோன ஒருவரிடம் உயிரை ஒப்படைத்துக் கற்றுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். சாலையோரத் தேநீர்க்கடையில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் நடக்கலைங்க சார். எனக்குத் தெரிஞ்சவங்க யாருக்கும் நடக்கலை. இங்கயும் நடந்ததில்லை. அதனாலதானுங்க எல்லாரும் பாக்கறதை விட்டுட்டாங்க."

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயத்தில்தான் அவருடைய சந்தேகம் ஓர் உருவம் எடுத்தது. சாமுண்டி மலைப் பக்கம் வானத்தில் ஒரு மினுக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார். நம்மிடம் இருந்தவை இரண்டே விமானங்கள். ஒன்றில் அவர் இருந்தார். மற்றொன்று கொட்டகையில் இருந்தது. நாகராஜ் அதைக் கழுகு என்றார். சில நாள் கழித்து இன்னொரு முறை பார்த்தார். இந்த முறை யாரும் பதில்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் நான் களத்துக்குப் போகும் வழியில் இளநீர் குடிக்க நின்றேன். கடைக்காரர், இப்போதுதான் உங்கள் விமானம் தாழப் பறந்து போனது, புதிதாக நீலக் கோடு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நம் விமானங்கள் இரண்டிலும் இருந்தது சிவப்புக் கோடு. களத்துக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் கொட்டகையில் நின்றன. இரண்டின் எஞ்சினும் சூடாக இல்லை.

எனக்கு நாகராஜ் மீது சந்தேகம் விழுந்தது. களத்தை யாருக்கோ கமுக்கமாகப் பயன்படுத்தக் கொடுக்கிறார், அதனால்தான் மரகதத்தின் வாயை அடைக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கோ மரகதத்தின் மீது சந்தேகம். இல்லாத விமானத்தைச் சொல்லி மேலிடத்துக்குப் புகார் அனுப்பி, களத்தை மூட வைத்துவிட்டு, நல்ல சம்பளத்தில் வேறு இடத்துக்குப் போகப் பார்க்கிறார் என்று என்னிடமே சொன்னார். வெளியே சொல்ல வேண்டாம் என்று மரகதத்திடம் அவர் தம் கன்னடம் கலந்த தமிழில் பேசியதையும் கேட்டேன். "இதெல்லாம் வெளியே பேச பேடம்மா. அனுமதி போச்சுன்னா நம்ம எல்லாருக்கும் வேலெ போச்சு." மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மரகதம் மட்டும் நாகராஜைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நான் பேச ஆரம்பித்தபோது, "ஆளை விடுங்க சார். அந்த விமானம் ஏன் நம்ம ரேடியோவுல பேசமாட்டேங்குதுன்னு மட்டும் யோசிங்க," என்றார்.

அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். வெயில் நன்றாக இருந்தது. நான் ஓட்ட, பக்கத்தில் மரகதம். சர்க்யூட்டின் கடைசித் திருப்பத்தை முடித்து, ஓடுதளத்துக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும். கீழே எல்லாம் தெரியும், மேலே ஒன்றும் தெரியாது. ரேடியோவில் எங்கள் இடத்தைச் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். என் கண் ஓடுதளத்தின் மீதே இருந்தது. மரகதம் வலப்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அறுவடைக்கு நின்ற ராகி வயல்மீது எங்கள் நிழல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட விடுங்க," என்றார்.

குரலில் அவசரமே இல்லை. கையை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் நானும் பார்த்தேன். எங்கள் நிழலை ஒட்டி இன்னொரு நிழல் ஓடிவந்தது. இரண்டும் நெருங்கிக்கொண்டிருந்தன. ரேடியோவில் நாகராஜின் குரல் வெடித்தது. கொட்டகை வாசலில் கையடக்க ரேடியோவுடன் நின்றவர், மேலே ஏறுங்கள், மேலே ஏறுங்கள் என்று கத்தினார். தரையில் நிற்கிற யாருக்கும் அதுதான் தோன்றியிருக்கும். ஓட்டுவது நானாக இருந்தால் ஏறியிருப்பேன். இறங்குவதைக் கைவிட்டால் ஏற வேண்டும் என்றுதானே எல்லோருக்கும் சொல்லித்தருகிறார்கள்?

மரகதம் ஏறவில்லை. மூக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, விமானத்தை இடப்பக்கம் சாய்த்து வெளியே கொண்டுபோனார். ராகிக் கதிர்கள் தனித்தனியாகத் தெரிகிற உயரம். ஒரு பெண் கதிர் அறுப்பதை விட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்தச் சாய்வில் எங்கள் வலப்பக்க இறக்கை உயர்ந்தது. அதற்கு அடியில், நாங்கள் இருந்த இடத்துக்கு நேர்மேலே, ஒரு விமானத்தின் வெள்ளை வயிறு கடந்துபோனது. அதன் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறு எனக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் நீலக் கோடு. அது இறக்கை கீழே இருக்கிற வகை. அதில் இருப்பவர்களுக்கு மேலே எல்லாம் தெரியும், கீழே ஒன்றும் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு நாங்கள் இல்லை, எங்கள் கண்ணுக்கு அவர்கள் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஓடுதளத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த விமானம் அழகாக இறங்கியது. நாங்கள் தாழவே ஒரு சுற்று போய், அதை முழுதாகக் கண்ணால் பார்த்த பிறகே மேலேறி, திரும்பி வந்து இறங்கினோம். எஞ்சினை அணைத்ததும் மரகதம் இறக்கை நிழலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நாகராஜ் ஓடிவந்து, ஏறச் சொன்னேனே, ஏன் கேட்கவில்லை என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஏறியிருந்தா அவங்க வயித்துல போய் இடிச்சிருப்போமுங்க," என்றார் மரகதம்.

நீலக்கோட்டு விமானத்திலிருந்து ஒரு பயிற்சியாளரும் ஒரு மாணவனும் இறங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வேறொரு ஊர்ப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள். நீண்ட தூரப் பயிற்சிக்கு இந்தப் பக்கம் சில முறை வந்திருக்கிறார்கள், இறங்கியது அன்றுதான். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்கள். இன்று உங்கள் ஆட்கள் யாரும் பறக்கவில்லையா, களம் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்றும் கேட்டார் அந்தப் பயிற்சியாளர். என் கை ஓங்கிவிட்டது. நாகராஜ்தான் பிடித்து நிறுத்தினார்.

மரகதம் எழுந்து வந்து அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, எந்த அலைவரிசையில் பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்தப் பயிற்சியாளர் ஓர் எண்ணைச் சொன்னார். நாகராஜின் முகம் வெளுத்தது. அது நம் களத்தின் பழைய எண். சில மாதங்களுக்கு முன் நமக்கு வேறு எண் கொடுத்திருந்தார்கள். மற்றப் பள்ளிகளுக்கு நம் தலைமை அலுவலகம் சொல்லியிருக்கும் என்று நாகராஜ் நினைத்திருந்தார். களத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று தலைமை அலுவலகம் நினைத்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய எண்ணில் முறைப்படி தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். நாங்களும் புது எண்ணில் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். என்ன நடந்தது என்று புரிந்ததும் அந்த மாணவன் அழ ஆரம்பித்தான். அவனுடைய பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மரகதம் யாரையும் திட்டவில்லை. இரண்டு விமானங்களையும் பக்கம்பக்கமாக நிறுத்தச் சொன்னார். அவர்களை எங்கள் விமானத்திலும் என்னை அவர்கள் விமானத்திலும் உட்காரவைத்தார். நாகராஜிடம் ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கொடுத்து, விமானங்களைச் சுற்றித் தூரத்தில் நடக்கச் சொன்னார். குடை கண்ணுக்கு மறையும்போதெல்லாம் நாங்கள் குரல் கொடுக்க வேண்டும். அந்த வெயிலில் மேலாளர் மறுபேச்சில்லாமல் குடையோடு நடந்தார். நாங்கள் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால், இறக்கைக்குப் பின்னால், பக்கத்தில் இருப்பவரின் தலைக்குப் பின்னால் என்று அவ்வளவு பெரிய குடை அடிக்கடி காணாமல்போனது. நாகராஜ் திரும்பி வந்து குடையை மடக்கிவிட்டு, "மேடம், அந்தக் கழுகு விஷயம் தப்பாச்சு," என்றார். மரகதம் அவருக்குத் தேநீர் வாங்கிவரப் போனார்.

அலைவரிசை சரியானதும் எல்லோருக்கும் நிம்மதி வந்தது. மரகதத்துக்கு வரவில்லை. இனிமேல் எல்லோரும் காதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் பேருந்தில் போய், அங்கேயும் குடையை வைத்து அதே வேலையைச் செய்துவிட்டு வந்தார். ரேடியோவே இல்லாத விமானம் வரலாம், ரேடியோ கெட்டுப்போன விமானம் வரலாம், தப்பான பொத்தானை அழுத்திப் பேசுகிறவன் வரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தனியாகப் பறக்கத் தகுதி பெற்ற நாளில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவர் மட்டும், "இன்னைக்கு எத்தனை பேரைப் பாத்தீங்க?" என்று கேட்டார். யாருமே இல்லை என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எத்தனை பேரைப் பாக்காம வந்தீங்களோ," என்றார்.

பிறகு அவர் பெங்களூருக்கு மாறிப்போனார். மைசூருக்கு வரும்போதெல்லாம் விஜயநகரில் எங்கள் வீட்டுக்கு வருவார். கடைசியாக வந்தபோது மிகவும் மெலிந்திருந்தார். என் மனைவி அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நம்பாமல் மறுபடியும் கேட்டேன். "எல்லாத்தையும் நான் சந்தேகப்பட்டது போதாதுங்களா, நீங்க வேற," என்று சிரித்துவிட்டு என் மகளிடம் பேசப் போய்விட்டார். அவள் அப்போதுதான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகியிருந்தாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு வசதி. இருவரும் கன்னடத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகிறேன் என்று மகள் பெருமையாகச் சொன்னது காதில் விழுந்தது. அடித்தது இருக்கட்டும், எதிரில் வந்தவன் உன்னைப் பார்த்தானா என்று மரகதம் கேட்டதும் விழுந்தது.

செய்தி வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் களத்தில் கூடினோம். நாகராஜும் வந்திருந்தார். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மரகதத்தின் நினைவாக ஒரு நிமிடம் யாரும் ரேடியோவில் பேசாமல் இருக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். விமானங்கள் மேலே இருக்கும்போது ரேடியோ மௌனமா, மேடம் இருந்திருந்தால் நம்மை உரித்திருப்பார் என்றார் நாகராஜ். அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த நாகராஜ் திடீரென்று முகத்தை மூடிக்கொண்டார். எல்லா விமானங்களையும் தரையிறக்கி, எஞ்சின்களை அணைத்துவிட்டு, ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று மௌனம் காத்தோம்.

அதன் பிறகு நான் தனியாக ஒரு சுற்றுப் போனேன். சர்க்யூட்டுக்குள் நுழையும்போது ரேடியோவில் ஒரு மாணவியின் குரல் வந்தது. தான் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறாள் என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். பதிலுக்கு, தெரிகிறது என்று உடனே சொல்லிவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். நான் சொல்லவில்லை. இறக்கையைத் தூக்கினேன். அவள் சொன்ன இடத்தில் இல்லை. மலைப்பக்கம் தேடினேன், அங்கேயும் இல்லை. அவள் மறுபடியும் தன் இடத்தைச் சொன்னாள். இந்த முறை குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. கண்ணை நிறுத்தி, நகர்த்தி, நிறுத்தித் தேடினேன். சொன்ன இடத்துக்குச் சற்றுப் பின்னால், வயல்களின் பழுப்பு நிறத்தோடு கலந்து, சின்னதாக வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

மரகதத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாமதம்தான். பொத்தானை அழுத்தி, "உன்னைப் பார்த்துவிட்டேன்," என்றேன்.